எடைக் கொட்டகையில் ஒரு எம்.ஏ. தேர்வு

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸில் இருபத்தாறு வருஷமாக நோட்டீஸ் எழுதி ஒட்டியவள் தபித்தாள். அதை ஒரு ஆளும் படித்ததில்லை. பலகையில் குடையைத்தான் மாட்டினார்கள். அந்த ஆத்திரத்தில் நாற்பத்தொன்பது வயதில் தொழில்முறைத் தொடர்பியல் எம்.ஏ.வில் தபால் வழியாகச் சேர்ந்தாள்.

"நோட்டீஸ் ஒட்டறதுக்கு எம்.ஏ.வா?" என்று சிரித்தான் புருஷன் சில்வஸ்டர்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காட்டெருமை வந்தால், மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் நூற்றிருபது பெண்களுக்கும் ஐந்து நிமிஷத்துக்குள் எப்படிச் செய்தி சொல்வது? அதுதான் அவளுடைய ஆய்வு. வழியையும் அவளே வகுத்தாள். கேட்டவள் சொன்னவளிடம் அதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு, அடுத்த நிரைக்குக் கத்த வேண்டும். கடைசி நிரைக்காரி ஆரம்பித்தவளிடம் வந்து சொல்லி, "சரிங்களா?" என்று கேட்க வேண்டும். ஆரம்பித்தவள் "சரி" என்றால்தான் செய்தி முடிந்தது.

இனி போனில் வீடியோ வழியாக நடக்கும் வாய்மொழித் தேர்வு ஒன்றுதான் பாக்கி. முதல் தடவை ஆபீஸில் சிக்னல் போய், அவள் தேர்வுக்கே வரவில்லை என்று எழுதிவிட்டார்கள். இது இரண்டாவது வாய்ப்பு, கடைசியும் கூட. சிக்னல் நிற்கும் ஒரே இடம் ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டில் கொழுந்து நிறுக்கும் எடைக் கொட்டகை. தராசுக் கொக்கியில் போனைத் தொங்கவிட்டு, ஸ்வெட்டருக்குள் பட்டுச்சேலையோடு நின்றாள் தபித்தாள்.

சென்னையிலிருந்து தேர்வாளர் அம்மா மூக்குக்கண்ணாடி வழியாக முறைத்தார். "ஐந்து நிமிடத்தில் நூற்றிருபது பேருக்கா? நம்ப முடியவில்லையே. ஏதாவது ஒரு செய்தியை இப்போதே அனுப்புங்கள், பார்க்கலாம்."

தபித்தாள் மலைப்பக்கம் திரும்பினாள். இல்லாத காட்டெருமையை வந்ததாகக் கத்தக் கூடாது. அவளே எழுதிய விதி. வேறொன்றும் தோன்றவில்லை. மனசில் இருந்தது வாயில் வந்துவிட்டது.

"வீரம்மா! தபித்தாள் எம்.ஏ. பாஸ்! சாயங்காலம் எல்லாருக்கும் வர்க்கியும் டீயும்!"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொன்ன செய்தியைத் திரும்பப் பெறும் வழி அவள் ஆய்வில் எந்தப் பக்கத்திலும் இல்லை! முதல் நிரையிலிருந்த வீரம்மா அதைத் திருப்பிச் சொன்னாள், மேலே பார்த்துக் கத்தினாள். நிரைக்கு நிரை சிரிப்பும் குலவையுமாக மலையே அமளிப்பட்டது. தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார்.

நாலாவது நிமிஷம், முதுகுக் கூடையோடு கீழ்ப்பாதை வழியாக மூச்சிரைக்க ஓடிவந்தாள் கடைசி நிரைப் பாப்பம்மாள்.

"தபித்தாள் எம்.ஏ. பாஸ். சாயங்காலம் எல்லாருக்கும் வர்க்கியும் டீயும். சரிங்களா?"

ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆனால் 'சரி' சொல்ல வேண்டியவள் தபித்தாள். தானே பாஸ் போட்டுக்கொள்ள முடியுமா என்ன?

"ஏனுங்கக்கா, சரின்னு சொல்லோணுமுங்க. நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

தபித்தாள் கொக்கியில் ஆடிக்கொண்டிருந்த போனைப் பாப்பம்மாள் பக்கம் திருப்பினாள்.

தேர்வாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றார்.