பக்கிரியின் இடது உள்ளங்கை

"நீங்க எத்தினி கிலோம்மா?" காருக்கடியிலிருந்து பக்கிரியின் குரல் வந்தது.

காரின் இடப்பக்க இருக்கையில் இருந்தபடி ஐம்பது என்றேன்.

"பத்தாது. மங்கம்மா, அந்த மண்ணு மூட்டைய அவுங்க மடியில வை."

மீன் கூடையை இறக்கிய கையோடு அவர் மனைவி மூட்டையைத் தூக்கி வந்தார். "நாலு நாடு சுத்திட்டு வந்தும் ஒடம்புல சதை ஒட்டல பாரு" என்று பொத்தென்று என் மடியில் வைத்தார். வேடிக்கை பார்க்கப் போனவள் எடைக்கல் ஆனேன்.

குடிகாட்டுக்குப் பக்கத்தில் பட்டறை. பக்கிரி முன்பு கடலூர் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்கு எஞ்சின் பொருத்தியவர். கரையில் எவ்வளவு நேராகப் பூட்டினாலும், தண்ணீரில் இறக்கியதும் படகின் உடம்பு சற்று வளையும். எஞ்சினிலிருந்து விசிறிக்குப் போகும் சுழல்தண்டான ஷாப்டைக் கடைசியாகச் சரிசெய்வது அங்கேதான். கார் வேலைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கனம் ஏறாத எதையும் நம்பமாட்டார். டீ கிளாஸை வைக்கும் முன்கூட ஸ்டூலை ஒருமுறை அழுத்திப் பார்ப்பார்.

ஒரே ஒரு முறை தவறினார். சிதம்பரம் ஸ்ரீதரின் கார் அது. இரண்டே பேர் உட்காரும் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சினிலிருந்து பின்சக்கரங்களுக்குப் போகும் ஷாப்ட், இருக்கைகளுக்கு நடுவே கூன்போட்ட ஒரு தகட்டுக்கு அடியில் சுழல்கிறது. பழைய தகடு துருப்பிடித்து உதிர, பக்கிரி புதிதாகத் தட்டிச் செய்தார். ஸ்ரீதர் பக்கத்திலேயே நின்று அவசரப்படுத்த, கனம் ஏற்றிப் பார்க்காமல், வண்டி ஸ்டாண்டின் மேல் நிற்கும்போதே முழுக்க வெல்டு வைத்துவிட்டார். போன மாதம் புதுச்சத்திரம் வேகத்தடையில், கணவனும் மனைவியும் உட்கார்ந்த கனத்தில் வண்டி அமுங்கியது. ஷாப்ட் தகட்டைக் கிழித்தது. தீப்பொறி, புகை.

இப்போது தகட்டை வெட்டி உயர்த்தி, பொட்டுப் பொட்டாக மட்டும் ஒட்டியிருந்தார். வாசலில் காரைச் சென்னைப் பட்டறைக்குத் தூக்கிப்போக ரெக்கவரி வண்டி தயாராக நின்றது.

"இன்னொரு தடவ ஒரசுனா ஏத்திடுவேன் பக்கிரி. கோவிச்சுக்காதீங்க" என்றார் ஸ்ரீதர்.

"கடல்ல போற ஷாப்டெல்லாம் ஒழுங்கா ஓடிச்சி. ரோட்டுல போறதுதான் ஒனக்கு ஓடல" என்றார் மங்கம்மா. பக்கிரி ஸ்டியரிங்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

கிளம்பினோம். கியர் மாற்றும் நேரம் தவிர அவருடைய இடக்கை அந்தத் தகட்டின் மேலேயே இருந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. ஆலப்பாக்கம் வேகத்தடை. மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஏறி இறங்கினோம், ஒன்றுமில்லை. வண்டியைத் திருப்பி, இன்னும் வேகமாக ஏற்றினார். அவர் உள்ளங்கை ஒரு கணம் சுட்டதுபோலத் தகட்டிலிருந்து விலகியது.

"கேட்டுச்சா?"

"இல்லையே."

"சரி." கையை மறுபடி தகட்டில் வைத்து, வண்டியைப் பட்டறைக்குத் திருப்பினார்.

பட்டறை வாசலில் ஸ்ரீதர் சாவிக்குக் கை நீட்டியபடி வந்தார். "சத்தமே இல்லாம வருது! முடிஞ்சிதா?"

மங்கம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டுவதற்குள் பக்கிரி சொன்னார்: "ஒரசுது சார். லேசா."

ஸ்ரீதர் பெருமூச்சு விட்டு ரெக்கவரி வண்டியின் பக்கம் கையசைத்தார். சங்கிலி இறங்கும் சத்தம் கேட்டது.

பக்கிரி சாவியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டார். தரையில் சாக்கை விரித்து, சுத்தியலோடு காருக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.