கர்க்லாண்டிலிருந்து ஒரு ஜாடிப் பல்லி வரை

ஓர் உயிரினம் புதியது என்று ஒருவர் முன்பே கண்டுகொண்டிருந்தால், பெயரிட விரும்பும் இன்னொருவர் அவருக்கு எழுதிக் கேட்க வேண்டும். குறைந்தது ஓராண்டு காத்திருந்த பிறகே தாம் பெயரிடலாம். விலங்குகளுக்குப் பெயரிடும் விதிநூலின் பின்னிணைப்பில் இது இருக்கிறது. பின்னிணைப்பை யாரும் படிப்பதில்லை. நான் படித்தவன். பிப்ரவரிச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் அதன் நகலோடு கிளம்பினேன்.

காலை 8.40, நான் வசிக்கும் புறநகரான கர்க்லாண்ட். மைனஸ் பத்தொன்பது டிகிரி. பேருந்து ஏழு நிமிடம் தாமதம். மூத்தவர்களுக்குப் பயணம் இலவசம். குறைசொல்லும் உரிமையும் அத்தோடு போய்விட்டது என்பது ஓட்டுநரின் எண்ணம். புவாண்ட்-கிளேரில் மாறி, கோட்-வெர்ச்சுவில் மெட்ரோ பிடித்தேன். நகர மையம் இருபத்தைந்து கிலோமீட்டர். வழியெல்லாம் யோகனிடம் கேட்கவேண்டிய கேள்விகளை வரிசைப்படுத்தினேன்.

யோகன் திருகோணமலைக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அருங்காட்சியகத்தின் ஊர்வனப் பிரிவில் நான் கடைசிவரை எதிர்பார்த்த தலைமைப் பதவி, நான் ஓய்வுபெற்றதும் அவருக்குப் போனது. இப்போது என் பல்லியும் போய்விட்டது. அமேசான் காட்டின் இலைச்சருகுக்குள் வாழும், சுண்டுவிரல் நீளப் பல்லி. எல்லோரும் அதைப் பழைய இனமொன்றில் அடக்கியிருந்தபோது, தலைச் செதில்களை எண்ணி, இது வேறு என்று துண்டுச்சீட்டு எழுதி ஜாடிக்குள் போட்டவன் நான். சென்ற மாதம் கட்டுரை வெளியிட்டுப் பெயர் வைத்தவர் அவர்.

10.25, அருங்காட்சியகம். யோகன் எனக்குக் காபி வாங்கி வைத்திருந்தார். ஜாடிக்குள் பல்லி வெளுத்திருந்தது; பக்கத்தில் என் பென்சில் எழுத்து கொஞ்சமும் அழியவில்லை. பின்னிணைப்பை நீட்டினேன். அவர் ஒரு கோப்பைத் திறந்தார்.

"உங்களுக்கு எழுதினனான் சேர். ரெண்டு வருசம் பாத்துக்கொண்டிருந்தனான். நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை."

கடித நகலில் என் முகவரி சரியாக இருந்தது.

"நீல உறையா?" என்றேன்.

"ஓம். உங்களுக்கு மின்னஞ்சல் எண்டால் பிடிக்காதே."

நீல உறை நினைவிருந்தது. அனுப்புநர் பெயருக்குக் கீழே புதுப் பதவியைப் பார்த்ததும் பிரிக்காமல் இழுப்பறைக்குள் தள்ளியிருந்தேன். ஏதோ விருந்து அழைப்பு என்று நினைத்தேன். அப்படியே இருந்தாலும் பதில் எழுதுவதுதான் முறை.

"உங்கட துண்டுச்சீட்டை எடுக்கேல்லை சேர். முதல் கண்டது நீங்கள்தான் எண்டு கட்டுரையிலும் சொல்லியிருக்கிறன்."

எடுத்து எறிந்திருந்தால் அவரை வெறுப்பது எளிதாக இருந்திருக்கும்.

1.50. திரும்பும் பேருந்து சரியான நேரத்துக்கு வந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது. வீட்டில் உறையைப் பிரித்தேன். ஒரே பக்கம். நானே பெயரிட விரும்புகிறேனா, அல்லது சேர்ந்து எழுதலாமா என்று கேட்டிருந்தார்.

ஆட்சேபம் இல்லை என்று பதில் எழுதினேன். ஆட்சேபம் இன்னும் இருக்கிறது. அதற்கு விதியில் இடமில்லை. பதிவுத் தபாலில் அனுப்பினேன். என் பதில் கிடைத்ததாக யோகன் கையெழுத்திட்ட தேதி, பிப்ரவரி 19.