வெள்ளை பேண்ட்டில் சிவப்புக் கறை

என் மகளின் வெள்ளை பேண்ட்டில், வலது தொடைப் பக்கம், ஒரு சிவப்புத் தீற்றல். கிரிக்கெட் பந்தைத் தேய்த்த கறை. பிரஷ் போட்டுத் தேய்க்கத் தேய்க்க அம்மாவின் எரிச்சல் எனக்கும் வந்துவிட்டது.

எண்பதுகளில் அப்பாவிடம் இருந்தது ஒரே வெள்ளை பேண்ட். அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்தக் கம்பெனி டீமுக்கு வேகப்பந்து போட ஆள் வேண்டுமோ, அங்கே அவருக்கு டெம்பரரி வேலை. சீசன் முடிந்தால் வேலையும் முடிந்தது. கோவில்பதாகையில் எங்கள் வீட்டுத் துணிக்கொடியில் ஏழு கம்பெனி பனியன்கள் தொங்கின.

ஒருமுறை ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் பர்மனென்ட் வேலைக்கு இன்டர்வியூ வந்தது. அம்மா இரண்டு நாள் போராடிக் கறையை எடுத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

"நேரா போ. எங்கியும் நிக்காத."

சாயங்காலம் கறையோடு வந்தார்.

"போற வழியில மேட்ச் ஆடிகினு இருந்தானுங்க. ஒரு ஆள் கொறச்சல்னானுங்க. ரெண்டே ஓவர்தான், ஸ்டெல்லா."

"இன்டர்வியூ இன்னா ஆச்சு?"

"ஆபீசர் கறையப் பாத்தாரு. பௌலரான்னு கேட்டாரு. வேலை குட்த்துட்டாரு."

"பர்மனென்ட்டா?"

"இந்த சீசனுக்கு."

அம்மா துணி பிரஷ்ஷை அவர்மேல் விட்டெறிந்தாள்.

இப்போது அப்பாவால் வலது கையைத் தூக்க முடியாது. சட்டையை நான்தான் மாட்டிவிடுகிறேன். நாற்காலியில் உட்கார்ந்து, நான் கறையைத் தேய்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அம்மாவை நினைக்கிறார் என்று நினைத்தேன்.

"ஏம்மா, பாப்பாவ எந்த டீமுல கூப்ட்டுகீறாங்க?" என்றார்.

பிரஷ் என் கையில்தான் இருந்தது.