அரைச் சாண் தூரம்

என் அண்ணன் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறான். இருபது வருடமாகக் கண் பரிசோதிக்கிறான். ஒருதடவைகூடப் பவரைத் தப்பாக எழுதியதில்லை. பக்கத்து மேசையில் ஃப்ரேம் பொருத்தும் நானே அதற்குச் சாட்சி. "கண்டதும் காதலா? முதல்ல கண்ணை டெஸ்ட் பண்ணச் சொல்லு" என்று ஊரையே கிண்டலடித்தவன், ஒரு செவ்வாய்க்கிழமை தொப்பென்று விழுந்தான்.

வந்தவள் எதிர்த்தெரு பேக்கரியில் ரொட்டி போடுபவள். மாவு பிசையும் மெஷினுக்குள் அவள் கண்ணாடி விழுந்து சுக்குநூறாகிவிட்டதாம். "மாவெல்லாம் குப்பைக்குப் போச்சுங்க. முதலாளி என்னையும் சேர்த்துப் போட்டிருப்பாரு, தொட்டி சின்னதா இருந்ததால தப்பிச்சேன்" என்று சிரித்துக்கொண்டே என் கருவிப்பெட்டிமேல் உட்காரப் போனாள். அண்ணன் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான். அப்புறமும் கையை விடவில்லை. நான் இருமினேன்.

மைனஸ் எட்டு. பலகையின் பெரிய எழுத்துகூட அவளுக்குத் தெரியவில்லை. டார்ச்சோடு குனிந்து அவள் கண்ணுக்குள் பார்த்துவிட்டு நிமிர்ந்தவன், வலது கண் பவரை இடது பக்கம் எழுதிவைத்தான். திருத்தியது நான்தான்.

"என்னண்ணா ஆச்சு உனக்கு?"

"தெரியல. ரொம்ப நாள் பழகினவ மாதிரி இருக்கா."

லென்ஸ் வெளியூரிலிருந்து வரவேண்டும். அவள் தினமும் சாயங்காலம் சுவரைத் தடவிக்கொண்டு வந்து விசாரிப்பாள். அரைமணி நேரம் பேச்சு ஓடும். சனிக்கிழமை லென்ஸ் வந்தது. அன்றே பொருத்தி அண்ணனிடம் கொடுத்தேன். திங்கட்கிழமை பார்த்தால் கண்ணாடி அவன் டிராயரில் கிடக்கிறது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மனசாட்சி இருக்காண்ணா உனக்கு? அவ தட்டுத்தடுமாறி ரோட்டைக் கடக்கறா!"

அவன் இடது கன்னத்தைத் தொட்டான். கன்னம் முழுக்கக் கருஞ்சிவப்பாகப் பிறவி மச்சம். பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டிலும் அதைப் பார்த்துத்தான் வேண்டாமென்றார்கள். "மாட்டினா இதைப் பாப்பா. அப்புறம் வரமாட்டா."

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் தப்பு தப்புதானே? "பார்க்கட்டும். இன்னைக்கு நீ குடுக்கலைன்னா நான் குடுப்பேன்."

அன்று நன்றாக இருட்டிய பிறகு அவனே அவளுக்கு மாட்டிவிட்டான். அவள் கண் நேராகக் கதவுக்கு வெளியே போயிற்று. தெருவுக்கு ஓடி அண்ணாந்து நின்றாள்.

"அம்மாடி, இத்தனை நட்சத்திரமா! பழைய கண்ணாடியில நாலஞ்சுதான் தெரியும்." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எவ்வளவு தூரத்துலேர்ந்து கிளம்பின வெளிச்சம், கரெக்டா என் கண்ணுக்கு வந்து சேருது பாருங்க. என் கண்ணாடி மாவுல விழுந்ததும் சும்மா இல்லைன்னு தோணுது."

அண்ணன் கடை விளக்கின் கீழ் வந்து நின்று, கன்னத்தைத் திருப்பிக் காட்டினான். "சனிக்கிழமையே ரெடி. நான்தான் மறைச்சு வெச்சேன். இதை நீங்க பாத்துடுவீங்களேன்னு பயம்."

"சனிக்கிழமையேவா? நேத்து ஒரு சைக்கிள்காரன்கிட்ட வாங்கின திட்டு இருக்கே!" என்று சீறியவள், ஒரு அடி கிட்டே வந்தாள். "முதல் நாளே பாத்துட்டேங்க. டார்ச்சோட குனிஞ்சீங்கல்ல? அரைச் சாண் தூரத்துல எனக்குக் கண்ணாடியே வேண்டாம்."

ஐயோ, இருபது வருடம் இதையே பிழைப்பாக வைத்திருப்பவனுக்கு இது தோன்றவில்லையே! நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"இந்த ஒரு வாரத்துல நான் தெளிவாப் பாத்த ஒரே முகம் உங்களுதுதான்" என்றாள். "தினமும் எதுக்கு வந்தேன்னு நினைச்சீங்க, லென்சுக்கா?"