அக்கா நடந்த தரை

எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகன் வீட்டில் டைல்ஸ் பதிக்க முன் தரையை நிரவுகிறார்கள். ஈரச் சீமெந்து மணத்தில், வெள்ளைக்காரன் காலத்து கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை வீடு ஞாபகம் வந்தது.

அந்த வீட்டு முன்னறைத் தரை இடப்பக்கம் சரிந்திருந்தது. அக்காவுக்கு வலது கால் சற்றுக் கட்டை. சமைக்கிற குசினியிலிருந்து அவள் முன்னறைக்குள் வரும்போது, சரிவினால் நடை நேராகவே தெரியும். நாங்கள் அதை யோசித்ததே இல்லை.

அக்காவைப் பெண்பார்க்க வருகிறார்கள் என்று அப்பா தரையில் ஒட்ட லினோலியம் விரிப்பு வாங்கினார். அதை விரிக்க வந்த மேசன் தரையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். அது இடப்பக்கச் சுவரடியில் போய்த் தேங்கியது.

"பள்ளத்துக்கு மேல விரிச்சால் வெடிச்சுப்போகும் ஐயா. பள்ளத்தை மட்டும் நிரப்பவோ, முழுக்க நிரவவோ?"

"முழுக்க நிரவும். வாறவை வாயைப் பிளக்கவேணும்."

அவர்கள் வந்த அன்று அக்கா தேநீர்த் தட்டோடு வந்தாள். மட்டமான தரையில் அடிக்கு அடி வலப்பக்கம் சாய்ந்தாள். கோப்பைகள் கிலுகிலுத்தன. மாப்பிள்ளையின் தாய் அவள் காலையே பார்த்தாள். தேநீரைத் தொடாமலே எழும்பிப் போனார்கள்.

"நான்தான், பிள்ளை, கெடுத்துப்போட்டன்," என்றார் அப்பா.

"இல்லையப்பா. தரை நல்லா வந்திருக்கு," என்றாள் அக்கா.

பிறகு ஒரு சம்பந்தமும் சரிவரவில்லை. கடைசிவரை அக்கா அந்த வீட்டிலேயே இருந்தாள்.

தரை நல்லா வந்திருக்கு என்று அன்று சொல்லும்போது அக்கா சிரித்தாள் என்றுதான் எனக்கு ஞாபகம். அழுதும் இருக்கலாம். தம்பியும் பக்கத்தில் நின்றவன். அவனிடம் கேட்க எனக்குக் கூச்சம். யாராவது கேட்டுச் சரிபார்த்து விடுங்கள்.