பேத்தியின் போட்டிக்கு மாணவியாகச் சிதம்பரம் போய் வந்தேன்

தானே புயல் அடித்து ஆறு மாதம் ஆன பிறகு, ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து சிதம்பரம் போய் வந்தேன். சாமி கும்பிட இல்லை. என் பேத்தி சுகன்யா கலந்துகொண்ட ஒரு போட்டிக்கு மாணவியாகப் போனேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அறுபத்து நான்கு வயதில் மாணவியானேன். பெருமையில்லாமல் இருக்குமா? இந்த மாதிரிப் போட்டிக்கு வீட்டு ஆளைக் கூட்டிப்போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று சுகன்யாதான் எழுதச் சொன்னாள். நான் தாளில் எழுதித் தருகிறேன், அவள் தட்டச்சு செய்து வலைப்பூவில் போடுகிறாள். ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

சுகன்யாவுக்குப் புதுச்சேரியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. இன்டர்நெட்டில் படிக்கிற பாடங்களைச் செய்கிறார்கள். எதை முதலில் சொல்வது, எதைப் படமாகக் காட்டுவது, எங்கே நிறுத்திக் கேள்வி கேட்பது என்று ஒரு பாடத்தைக் கட்டுவதுதான் அவள் வேலை. "ஆபீஸ்ல பாடத்த முடிச்சு அனுப்பிட்டா அதோட போச்சு ஆயா. யாரு படிச்சாங்க, எந்த எடத்துல முழிச்சாங்க, ஒண்ணும் தெரியாது" என்பாள்.

போட்டிக்குப் போனால் தெரிந்துவிடும். முதலில் புதுச்சேரியில் ஒரு போட்டி. எழுத்தெல்லாம் பறந்து பறந்து வரும்படி செய்திருந்தாள். படிக்க உட்கார்ந்த தையல்காரப் பெண் தலை சுற்றுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டாளாம். அடுத்தது விழுப்புரத்தில். அங்கே எதுவும் பறக்கவில்லை, ஆனால் பாடம் முழுக்க ஒரே பேச்சு. கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் தூங்கிவிட்டார். வீட்டுக்கு வந்து அழுதாள். அழுது முடித்துவிட்டு, ஒரு தடவைக்கு ஒரு விஷயம், அப்புறம் ஒரு கேள்வி என்று எல்லாவற்றையும் மாற்றிக் கட்டினாள். மூன்று வருடம் சம்பளம் வாங்கியதில் வராத தொழில், இரண்டு தடவை தோற்றதில் வந்தது.

மூன்றாவது போட்டிதான் சிதம்பரம். 'உங்கள் ஊருக்கு வேண்டிய ஒரு பாடம்' என்று தலைப்பு. முதல் மூன்று இடம் பிடிக்கும் பாடங்களைக் கடலோரக் கிராமங்களில் உள்ள கம்ப்யூட்டர் மையங்களில் எல்லாம் போடுவார்கள். "பரிசு வேணாம் ஆயா. பாடம் ஊர் ஊராப் போவணும், அது போதும்" என்றாள். சுனாமி வந்தால் என்ன செய்வது என்பது அவள் பாடம்.

அவள் அம்மா அஞ்சலை என் ஒரே மகள். சுனாமியில் போய்விட்டாள். அன்று காலையில் நானும் சுகன்யாவும் முதுநகர் மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்தோம். மருமகன் ஏழுமலை கடலில். எங்கள் ஊரில் படகு வரும் நேரத்துக்கு அந்த வீட்டுப் பெண் கூடையோடு மணலில் நிற்க வேண்டும். மீனை வாங்கிப் போட மட்டும் இல்லை, நிற்காவிட்டால் படகுக்கு ஆகாது என்பது வழக்கம். கடல் உள்வாங்கியதும் எல்லாரும் ஓடியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மல்லிகா கூப்பிட்டிருக்கிறாள். "அவுரு இன்னும் வரலியே" என்று அஞ்சலை நின்றுவிட்டாள். ஆழத்தில் இருந்த ஏழுமலைக்கு அலை வந்ததே தெரியவில்லை. முழுசாகத் திரும்பி வந்தார்.

பயணத்துக்கு வருகிறேன். போட்டியில் ஒரு விதி. ஒவ்வொருவரும் அந்தப் பாடத்தைப் பார்த்தே இராத, எட்டாவதைத் தாண்டாத ஒருவரை அழைத்து வர வேண்டும். அதனால் மூன்று வாரமாக நான் அறைக்குள் நுழைந்தாலே சுகன்யா லேப்டாப்பை மூடிவிடுவாள். சனிக்கிழமை விடிவதற்கு முன்பே ஏழுமலை கடலுக்குப் போய்விட்டார். நான் கூடையை மல்லிகாவிடம் கொடுத்து, நமக்காக நீ நில்லு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

காலை ஆறேகாலுக்கு ஆட்டோ. கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும், அறுபது ரூபாய். ஆறே முக்காலுக்குச் சிதம்பரம் பஸ், ஆளுக்கு இருபத்தாறு ரூபாய். இடது பக்கம் உட்காருங்கள், வெயில் வந்தாலும் காற்று வரும். முதுநகர் தாண்டியதும் கெமிக்கல் கம்பெனிகள், அந்த இடத்தில் மூக்கை மூடிக்கொள்ள வேண்டும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியெல்லாம் புயலில் தலை முறிந்த மரங்கள் மொட்டையாக நின்றன, சிலதில் பச்சை துளிர்த்திருந்தது. வெள்ளாற்றுப் பாலம் தாண்டிச் சிதம்பரம் போய்ச் சேர எட்டு மணி ஐந்து நிமிடம். நாற்பத்தைந்து கிலோமீட்டர்.

பஸ் ஸ்டாண்டு வாசலில் ஷேர் ஆட்டோக்காரர், "வா ஆயா, கோயிலுக்குத்தான? ஏறு" என்றார்.

"கோயிலுக்கு இல்லப்பா, போட்டிக்கு."

"கோலப் போட்டியா? மார்கழிக்கு இன்னும் நாள் கெடக்கே!"

"கம்ப்யூட்டர் போட்டி. நான்தான் படிக்கப் போறேன்."

அவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப ஸ்டூடன்ட் பாஸ் இருக்கான்னு கேக்கணுமே" என்றார். வண்டியில் எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் ஆளுக்குப் பத்து ரூபாயைச் சரியாக வாங்கிக்கொண்டார்.

ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் போட்டி. வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். எங்களுக்குப் பின்னால் தரையில் வெள்ளை டேப்பால் ஒரு கோடு. பாடம் செய்தவர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். பேசக் கூடாது, கை காட்டக் கூடாது. நடுவர்கள் படிக்கிறவரின் முகத்தையும் கையையும் பார்ப்பார்கள். பிறகு குறை சொல்வார்கள், திருத்த இரண்டு மணி நேரம் கொடுப்பார்கள், மறுபடியும் அதே ஆள் உட்கார வேண்டும்.

என் பக்கத்தில் லால்பேட்டையிலிருந்து வந்த ஜைனம்பு என்ற அம்மா. மருமகள் சர்க்கரை நோய்க்குப் பாடம் செய்திருந்தாளாம்.

"நம்மள உக்கார வெச்சு அவளுங்களுக்குப் பரீட்ச வெக்கிறாங்க பாத்தீங்களா?" என்றார். "நாலு நாளா மருமவ என்னை ராணி மாதிரி பாத்துக்குறா. மாசா மாசம் போட்டி வெச்சா தேவல."

பாடம் தொடங்கியது. எங்கள் கரையையே படம் எடுத்துப் போட்டிருந்தாள். கடல் உள்வாங்கினால் அதற்கு என்ன பொருள் என்று சொல்லியது, கேட்டது, சரியாக அமுக்கினேன். மணலில் மீன் துள்ளினாலும் பொறுக்கப் போகக் கூடாது என்றது. அதற்கும் சரியாக அமுக்கினேன். அடுத்த கேள்வி வந்தது.

'உங்கள் வீட்டுப் படகு கடலில் இருக்கிறது. கடல் உள்வாங்குகிறது. படகுக்காகக் காத்திருப்பீர்களா?' கீழே இரண்டு கட்டம். காத்திருப்பேன். காத்திருக்க மாட்டேன்.

விடை எனக்குத் தெரியும். இப்போதுதானே பாடம் சொல்லியது. கை எழும்பவில்லை. இந்த நேரத்துக்கு ஏழுமலை படகு எங்கே இருக்கும் என்று நினைப்பு ஓடியது. நடுவில் கரண்ட் போனது. தப்பித்தேன் என்று நினைத்தேன். ஜெனரேட்டர் போட்டார்கள், அதே கேள்வி திரும்ப வந்து நின்றது. கண்ணாடி போட்ட ஒரு நடுவர் மேடம் குனிந்து கேட்டார்.

"கேள்வி புரியலயாம்மா?"

"புரியுது."

"விடை தெரியலயா?"

"தெரியும்."

"அப்ப அமுக்குங்களேன்."

"எங்க மருமவன் கடல்ல இருக்காரும்மா."

நேரம் முடிந்து மணி அடித்தார்கள். மேடம் சுகன்யாவைக் கூப்பிட்டார். "இவங்களுக்குப் பாடம் நல்லாப் புரிஞ்சிருக்கு. கேள்விதான் இவங்கள நிறுத்திடுச்சு. விடை தெரிஞ்சும் அமுக்க முடியலன்னா, அது படிக்கிறவங்க தப்பு இல்ல. போய் யோசி" என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் சுகன்யா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு பட்டன் ஆயா. ஒரே ஒரு பட்டன்."

"உங்கப்பா கடல்ல இருக்காருடி."

"எனக்குத் தெரியாதா? அம்மா மாதிரி இன்னொருத்தர் நிக்கக் கூடாதுன்னுதான இந்தப் பாடமே."

"அப்ப உங்கம்மா செஞ்சது தப்பு விடையா?"

கேட்டிருக்க வேண்டாம். அவள் முகம் அப்படியே சுருங்கிப்போனது. எதிரே ஒரு மெஸ்ஸில் இட்லியும் கத்தரிக்காய்க் கொத்சும் வாங்கினோம், ஒரு தட்டு இருபத்து நான்கு ரூபாய். சிதம்பரம் கொத்சைப் பற்றிச் சொல்வதெல்லாம் உண்மைதான், ஆனால் அன்று எனக்கு அது ருசிக்கவில்லை. அவள் இட்லியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கேட்டாள்.

"இன்னைக்கு நமக்கு யாரு நிக்கிறா?"

"மல்லிகா."

"எங்க நிக்கிறாங்க?"

"எங்க நிப்பா, மணல்லதான்."

தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். கையைக்கூடக் கழுவவில்லை.

இரண்டாவது தடவை உட்கார்ந்தபோது அந்த இடத்தில் வேறு மாதிரி இருந்தது. 'ஆழத்தில் இருக்கும் படகை அந்த அலை ஒன்றும் செய்யாது. அது கரைக்கு வந்துதான் எழும்பும். அவர் திரும்பி வருவார். வரும்போது நீங்கள் இருக்க வேண்டும். எங்கே நின்று காத்திருப்பீர்கள்?' கீழே மூன்று படம். மணல், படகு கட்டும் கொட்டகை, பள்ளிக்கூட மாடி.

மாடியை அமுக்கினேன். இந்தத் தடவை உடனே அமுக்கினேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

நான்கரை மணிக்கு முடிவு சொன்னார்கள். முதல் தடவை பாதியில் நின்றதற்கு மார்க் போய்விட்டது. நான்காவது இடம். ஜைனம்புவின் மருமகளுக்கு இரண்டாவது. "இந்தக் கேள்விய நீ இங்க வராம எழுதியிருக்க மாட்ட" என்று மேடம் சுகன்யாவின் தோளைத் தட்டினார். உண்மைதான். ஆனால் பாடம் ஊர் ஊராகப் போகாது. கோயில் நடை திறந்திருக்கும், போகலாமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். ஐந்தேகால் பஸ்ஸில் கடலூர் வரும்வரை என் தோளில் சாய்ந்திருந்தாள், தூங்கவில்லை.

வீட்டில் ஏழுமலை குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். நான் சொன்னேன். "எங்க, காட்டு" என்றார். ஏழரை வருடமாக அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனுஷன். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே வந்தார். அந்தக் கேள்வி வந்ததும் நிறுத்தினார். பள்ளிக்கூடப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாடிலேர்ந்து பாத்தா என் போட்டு கடல்ல வர்றது தெரியுமா?"

"தெரியும்ப்பா" என்றாள் சுகன்யா. "அம்மா போனப்புறம் மத்தியானம் மணி அடிச்சா மாடிக்குத்தான் ஓடுவேன். உன் போட்டு வர்றதப் பாத்துட்டுத்தான் சோத்து டப்பாவத் தொறப்பேன்."

அவர் மாடியை அமுக்கினார். பிறகு லேப்டாப்பை என்னிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்புறம் போனார்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். போக வர எங்கள் இருவருக்கும் சாப்பாட்டோடு முந்நூற்று ஐம்பது ரூபாய்க்குள் முடிந்தது. சிதம்பரம் கோயில் மத்தியானம் நடை சாத்தியிருக்கும், காலையிலோ சாயங்காலமோ போங்கள். பாடம் செய்கிறவர்களுக்கு: தோற்போம் என்று பயந்து போட்டிக்குப் போகாமல் இருக்காதீர்கள். யாருக்காகச் செய்கிறீர்களோ அவர்களையே முன்னால் உட்கார வையுங்கள், கோட்டுக்கு அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு நில்லுங்கள்.

எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வரும் பெண்களுக்கு ஒன்று. பள்ளிக்கூட மாடிக்குப் படி மேற்குப் பக்கம் இருக்கிறது. சுனாமி அன்று தண்ணீர் அதுவரை ஏறவில்லை. அங்கே நின்று பார்த்தால் படகு வருவது நன்றாகத் தெரியும்.