அழவைக்கிற நர்சம்மா

நர்ஸ் விருத்தாம்பாள் பாகூர்ப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கு எழுபத்தெட்டில் வந்தாள். பிள்ளை பிறந்த வீடு ஒன்றையும் விடமாட்டாள். கண்ணைப் பார்ப்பாள், வாயைத் திறந்து பார்ப்பாள், காலை விரித்துப் பார்ப்பாள். கடைசியில் உள்ளங்காலைப் பட்டென்று சுண்டுவாள். பிள்ளை வீல் என்று கத்தினால்தான் எழுந்து போவாள். அழவைக்கிற நர்சம்மா என்றே பேர் வைத்துவிட்டோம். என் மகனைச் சுண்டியபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

பக்கத்து வீட்டு அம்மணி, தாய்மாமன் இருசப்பனையே கட்டிக்கொண்டவள். மூத்தவள் சின்னபொண்ணுக்கு ஏழு வயது. மூன்று வயதுப் பிள்ளையின் உயரம்தான், பேச்சும் வரவில்லை. அந்த வருஷக் கடைசியில் ஒரு பையன் பிறந்தான். இருசப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

"மாசம் ஒண்ணாச்சும்மா, ஒரு நாளு அழுவல. அக்கா மாதிரியே சமத்து" என்றான் நர்சம்மாவிடம்.

விருத்தாம்பாள் சின்னபொண்ணைத் திரும்பிப் பார்த்தாள். பையனின் காலைச் சுண்டினாள். கரகரவென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மறுபடி தூங்கிப்போனான். கண்ணில் மஞ்சள் இன்னும் தெளியவில்லை, தொப்புள் புடைத்திருந்தது, நாக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

"சமத்தும் இல்ல ஒண்ணும் இல்ல. நாளைக்கே டவுன் பெரியாஸ்பத்திரிக்குக் கெளம்புங்க. இப்ப வுட்டா இவனும் பேசமாட்டான்."

"தூங்குற புள்ளைக்கு இன்னாம்மா வியாதி?" என்று எகிறினான் இருசப்பன். மறுநாள் அம்மணி பையனைத் துணியில் சுற்றி, சின்னபொண்ணையும் இழுத்துக்கொண்டு, நர்சம்மாவோடு பஸ் ஏறிவிட்டாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், ரெண்டு பிள்ளைக்கும் தைராய்டு என்கிற கழுத்துச் சுரப்பி வேலை செய்யவில்லை, சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் இது கொஞ்சம் அதிகம் என்றாராம். தினம் மாத்திரையைத் தாய்ப்பாலில் குழைத்துக் கொடுக்கவேண்டும், ஆயுசுக்கும். சின்னபொண்ணுக்கும் மாத்திரை எழுதினார். கொஞ்சம் வளருவாள், போன புத்தி திரும்பாது என்றும் சொல்லிவிட்டார்.

அப்புறம் ரெண்டு மாசத்தில் பையன் போட்ட கூச்சல் இருக்கிறதே, அப்பப்பா! தெருவே காதைப் பொத்திக்கொண்டது. நர்சம்மா வந்து சுண்டினாள், வீட்டுக்கூரை பறக்கிற மாதிரி கத்தினான். அம்மணி விழுந்து விழுந்து சிரித்தாள். எங்களுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

சின்னபொண்ணு மெல்ல வந்து உட்கார்ந்து, தன் காலையும் நர்சம்மா மடியில் நீட்டினாள்.

அம்மணியின் சிரிப்பு நின்றுபோயிற்று.

"இவ பொறந்தப்ப நீ எங்கம்மா இருந்த?" என்று கேட்டாள்.

விருத்தாம்பாள் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.